நூற்றுக்கு நாற்பத்தொன்று

வீட்டில் அவளுக்கு நத்தை என்று பெயர். வைத்தது அக்கா. மற்றவர்கள் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும் நேரத்தில் இவள் முதல் பத்தியில்தான் இருப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். கோபம் வருவதற்குக்கூட அவளுக்கு ஒரு நாள் பிடிக்கும். பெயர் அச்சாகப் பொருந்திப்போனதால் அப்பாவும் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி யாராவது போனில் கேட்டால் அம்மாவே ஒரு கணம் யோசிப்பாள்.

அக்கா வேறு ரகம். வாயைத் திறப்பதற்குள் பேச்சு வெளியே வந்துவிடும். அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா தன் கூட வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் அந்தச் செய்தியைச் சொன்னார். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம்கூட, "பெரியவ கம்ப்யூட்டர் படிக்கிறா" என்று சொல்லாமல் டோக்கன் கொடுத்ததில்லை. பல்வலிக்காரர்கள் பாவம், தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

நத்தைக்குப் பள்ளிக்கூடம் முடிய ஒரு வருஷம் இருந்தபோது அவளுக்கும் அந்தப் படிப்பின்மேல் கண் விழுந்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் ஒரு பாடம். அதில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதச் சொல்வார்கள். எழுதியது ஓடினால் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக நாலு வருஷப் படிப்பில் போய் விழுந்துவிட முடியுமா? நமக்கு இது ஒத்து வருமா வராதா என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டாள். கடைசியில் அக்காவிடமே கேட்டாள்.

"சோதிச்சுப் பாத்துடலாம்," என்றாள் அக்கா. "எங்க காலேஜ்ல சேர்ந்த முதல் வாரத்துல குடுக்கிற பயிற்சியெல்லாம் என்கிட்ட இருக்கு. ஒவ்வொண்ணா தரேன், செஞ்சு குடு. நான் மார்க் போடறேன். வருஷக் கடைசில ஒத்து வருமா வராதான்னு உனக்கே தெரிஞ்சுடும்."

கூடப் பிறந்தவளே பரீட்சை வைக்கிறாள், கூடப் பிறந்தவளே திருத்துகிறாள். இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்குமா என்று நத்தை பூரித்துப்போனாள். சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் பதினேழு வயதில் அக்காவைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

முதலில் வந்தது நூலகக் கணக்கு. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, யார் திருப்பித் தரவில்லை என்று சொல்லும் நிரல். அடுத்தது பரீட்சை அறை. ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்காராமல் இடம் ஒதுக்க வேண்டும். கூடத்தின் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில், அதன் விசிறி கரகரக்க, நத்தை நாள்கணக்கில் உட்கார்ந்தாள். முடித்ததைப் பென் டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுப்பாள். இரண்டு வாரம் கழித்து அக்கா அதைத் தாளில் அச்செடுத்து, மேலே சிவப்பு மையில் மதிப்பெண் போட்டுக் கொண்டுவந்து தருவாள். முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. நாற்பது.

"இதுக்கா ஆறு நாள்?" என்பாள். "எங்க கிளாஸ்ல ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க."

நத்தை அந்தத் தாள்களை ஒரு கோப்பில் வரிசையாகச் சேர்த்துவைத்தாள். அடுத்த முறை வேகமாகச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். அடுத்த முறையும் அதே நத்தைதான்.

ஐந்தாவதாக வந்தது லிஃப்ட். எட்டு மாடிக் கட்டடம், இரண்டு லிஃப்ட். யார் எந்த மாடியில் பொத்தானை அமுக்கினாலும், எந்த லிஃப்ட் போக வேண்டும் என்று நிரல் முடிவு செய்ய வேண்டும். மக்கள் காத்து நிற்கும் நேரம் குறைய வேண்டும். நத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுப் பெண்ணுக்கு லிஃப்ட் கணக்கு வந்தால் வேறென்ன வேண்டும்? அன்று அப்பா வேலை முடிந்து வந்து, கையிலிருந்த பிசுக்கை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயடியில் போய் நின்று கேட்டாள்.

"புத்தகத்துல இருக்கிற மாதிரி ஆளுங்க பட்டன் அமுக்க மாட்டாங்க," என்றார் அப்பா. "மேல போறவன் மேல் பட்டனை மட்டுமா அமுக்குறான்? ரெண்டையும் அமுக்கிடுவான். எது முதல்ல வருதோ வரட்டும்னு. வந்ததுல ஏறிப் போயிடுவான். இன்னொரு லிஃப்ட் அவனுக்காக வந்து, கதவத் திறந்து, வெறும் சுவத்தப் பாத்துட்டுப் போகும். நாங்க அதுக்கு ரெட்டை அமுக்குன்னு பேர் வெச்சிருக்கோம். பாதி தேய்மானம் அதனாலதான்."

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. மறுநாள் அம்மா வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனாள். கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதில் இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்குகிறவர்களை எண்ணினாள். அங்கே கீழே வண்டி நிறுத்தும் தளமும் இருந்ததால் இரண்டு பொத்தான்கள் இருந்தன. நாற்பது முறை நடந்தது. முப்பத்தெட்டில் ஒரே ஆள்தான். இரண்டில் மட்டும் ஒருவர் மேலே போக, ஒருவர் கீழே போக, இரண்டு பேர் அமுக்கினார்கள். காவலாளி இரண்டாம் நாள் வந்து, "யாருக்காகம்மா காத்திருக்கே?" என்று கேட்டார். "லிஃப்டுக்கு," என்றாள். நாலு லிஃப்ட் வந்து போனதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தக் கணக்கை அப்படியே நிரலில் வைத்தாள், அப்பா சொன்ன ரெட்டை அமுக்கு என்ற பெயரிலேயே. ஒரு நொடிக்குள் இரண்டு பொத்தானும் விழுந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள். ஒரு லிஃப்ட் வந்து, உள்ளே யாராவது மாடி எண்ணை அமுக்கிவிட்டால் மற்ற அழைப்பை அழித்துவிடு. ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவளுக்குப் பசி தெரியவில்லை, கூப்பிட்டால் காது கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்குமுன் இருந்ததே இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"பிடிக்கிறது வேற, ஒத்து வர்றது வேற," என்றாள் அக்கா, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு. "நீ நல்லாதான் முயற்சி பண்ணினே. ஆனா இந்தப் படிப்புக்கு வேகம் வேணும்டி. அங்க வந்து தினம் தினம் அழுறத நான் பாக்கணுமா? நிதானமா இருக்கிறவங்களுக்குன்னே படிப்பு இருக்கு. நூலகப் படிப்பு எடுத்துக்கோ. புத்தகங்களோட அமைதியா இருக்கலாம்."

அந்தக் கை தோளில் இதமாக இருந்தது. அதுதான் கொடுமை. நத்தை தலையாட்டினாள். கல்லூரி விண்ணப்பத்தை அக்காவே தன் மடிக்கணினியில் உட்கார்ந்து பூர்த்தி செய்தாள். முதல் விருப்பம், நூலகப் படிப்பு. இரண்டாவது, மூன்றாவது எதிலும் கம்ப்யூட்டர் இல்லை. நத்தையிடம் போன் கிடையாது என்பதால் தொடர்பு எண் என்ற இடத்தில் தன் எண்ணையே போட்டாள். நத்தை குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வந்தபோது அக்கா அவளுக்கும் சேர்த்துப் பால் காய்ச்சி வைத்திருந்தாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முதல் நாள், அக்காவின் கல்லூரியில் மாணவர்கள் செய்த நிரல்களுக்குப் பரிசளிப்பு. அக்காவுக்கு முதல் பரிசு. "அப்பா அம்மா மட்டும் வந்தா போதும். இவளுக்குப் போரடிக்கும்," என்றாள் அக்கா. "உங்கக்காவுக்குப் பரிசு, உனக்கு என்னடி போர்," என்று அம்மா நத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பா அரை நாள் விடுப்பு எடுத்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். கல்லூரி லிஃப்டில் ஏறியதும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேரிங் இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்," என்றார். அம்மா அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. அக்கா மேடையில் நின்றாள். பின்னால் பெரிய திரையில் எட்டு மாடியும் இரண்டு லிஃப்டும்.

நத்தைக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாருக்கும் கொடுக்கிற பயிற்சிதானே, அக்காவும் செய்திருப்பாள் என்றே நினைத்தாள். பிறகு மூன்றாவது மாடியில் இரண்டு அம்புக்குறியும் ஒரே சமயத்தில் மின்னின. திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: ரெட்டை அமுக்கு. பக்கத்து நாற்காலியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெயரைக்கூட மாற்ற அக்காவுக்குச் சோம்பலாக இருந்திருக்கிறது.

துறைத் தலைவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த ஓர் அம்மாள், மைக்கை வாங்கினார். "மூணாம் வருஷத்துக்கு நாங்க குடுக்கிறதுலயே கஷ்டமான பயிற்சி இது," என்றார். "ஆறு வாரம் அவகாசம் குடுத்தோம். அறுபது பேர்ல பதினோரு பேர்தான் முடிச்சாங்க. அந்தப் பதினொண்ணுல இதுக்கு மட்டும்தான் தொண்ணூத்தாறு மார்க். இந்த வருஷம் இவங்க குடுத்த அஞ்சு பயிற்சியும் தொண்ணூறுக்குக் குறையல."

மூன்றாம் வருஷம். ஆறு வாரம். தொண்ணூற்றாறு. நத்தை ஒவ்வொன்றையும் மெதுவாக உள்ளே இறக்கினாள். முதல் வாரம் என்றாளே. ஒரு மத்தியானம் என்றாளே. சிவப்பு மையில் நாற்பத்தொன்று என்று அவள் எழுதிய அந்தக் கை, இப்போது திரையைக் காட்டி ஆடிக்கொண்டிருந்தது. திருடியதுகூடப் பெரிதில்லை. திருடிக்கொண்டு போனதை, குப்பை என்று சொல்லி இவள் தலையிலேயே கொட்டியிருக்கிறாளே. வருஷம் முழுக்கத் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள், இவளும் குனிந்து காட்டியிருக்கிறாள்.

"ஒரு கேள்வி," என்றார் துறைத் தலைவர். "உண்மையிலேயே ரெண்டு பேர் நின்னு, ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழன்னு அமுக்கினா? ஒரு அழைப்பை நீ அழிச்சுடறே. இன்னொருத்தர் கதி?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. திரையைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். பிறகு அவள் கண் வரிசை வரிசையாக இறங்கி வந்து நத்தையிடம் நின்றது. சின்ன வயதில் அம்மாவிடம் மாட்டிக்கொள்ளும்போது பார்க்கும் அதே பார்வை. சொல்லேன் என்கிற பார்வை.

நத்தை ஏன் எழுந்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பதில் தெரிந்த கேள்வி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அவர் திரும்ப அமுக்குவாரு மேடம்," என்றாள். "கதவு மூடினதும் யாரும் சும்மா நிக்க மாட்டாங்க. நான் உக்காந்து எண்ணிப் பாத்தேன். நாப்பதுல ரெண்டு தடவதான் அப்படி நடந்துச்சு. ரெண்டு தடவையும் மூணு நொடில திரும்ப அமுக்கிட்டாங்க. அந்த மூணு நொடிக்காக மத்த முப்பத்தெட்டு தடவையும் லிஃப்ட வெறுமனே ஓட்ட வேண்டாம்னு விட்டுட்டேன்."

விட்டுட்டேன் என்றுதான் சொன்னாள். துறைத் தலைவர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டு அவளைப் பார்த்தார்.

"என் தங்கச்சி மேடம்," என்றது மேடையிலிருந்து மைக். அக்காவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "நான்தான் சொல்லிக் குடுத்து எண்ண அனுப்பினேன். ரொம்ப ஆர்வமா செஞ்சா."

அரங்கம் கை தட்டியது. அம்மா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள், இரண்டு மகள்களுக்கும் சேர்த்து. அப்பாவின் கைகளும் தட்டின, மெதுவாக, சத்தமே வராமல்.

"நீ என்ன படிக்கப் போறேம்மா?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"அவளுக்கு இதுல இஷ்டம் இல்ல மேடம்," என்றாள் அக்கா. "நூலகப் படிப்புக்குப் போட்டிருக்கா."

"அப்படியா. இஷ்டம் வந்தா நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் மாத்திக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பரிசுக்குப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் அக்காவும் முன்னால் உட்கார்ந்தார்கள். பரிசுக் கேடயம் அம்மா மடியில் இருந்தது. பின் இருக்கையில் அப்பாவும் நத்தையும். நாலு நிறுத்தம் தாண்டும் வரை அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரெட்டை அமுக்கு. அத நான் உன்கிட்டதான சொன்னேன்," என்றார்.

"ஆமாப்பா."

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நத்தை நினைத்தாள். எழுந்து முன்னால் போய் அக்காவைக் கேட்பாரா, வீட்டுக்குப் போய்க் கேட்பாரா என்றுகூட யோசித்தாள்.

"அவளுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு," என்றார் அப்பா. "வெளிய தெரிஞ்சா படிப்பே போயிடும். உங்கம்மா தாங்க மாட்டா. கண்டுக்காம விட்டுடு."

"எனக்கு?"

"உனக்கென்னம்மா. நீ எதுலயும் பொறுமையா இருந்து முன்னுக்கு வந்துடுவே."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். இறங்கும்போது எப்போதும்போல அப்பா கை நீட்டினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கோபம் மறுநாள் காலையில் வந்தது, அவள் வழக்கப்படி. கண் விழித்தபோது காது சூடாகி இருந்தது. எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. அக்கா விடிந்ததுமே கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். போனும் அவளோடு போய்விட்டது. நத்தை பழைய கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்தாள். மாற்ற வேண்டும் என்றால் தொடர்பு எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைப் போட வேண்டும் என்றது. யாருடைய எண் என்று அப்போதுதான் உறைத்தது. விண்ணப்பத்தின் சாவியையும் அக்கா தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அம்மா வேலைக்குப் போனாள். அப்பா போனார். நத்தை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா நாலரை மணிக்கு வந்தாள். நத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"ஏன்க்கா?" என்றாள் நத்தை. நாள் முழுக்க எவ்வளவோ பேசித் தயார் செய்து வைத்திருந்தாள். வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"சின்ன உதவிடி அது. வீட்டுக்குள்ள யாரும் செய்யறதில்லையா?"

"உதவின்னு கேட்டிருந்தா செஞ்சிருப்பேன். எதுக்கு நாப்பத்தொண்ணு போட்டே?"

அக்கா சுவரில் சாய்ந்தாள். அவள் அப்படிப் பேசாமல் நின்று நத்தை பார்த்ததில்லை.

"எனக்குத்தான் ஒத்து வரல," என்றாள். "முதல் வருஷமே தெரிஞ்சு போச்சு. திரைய பாத்தாலே தலை சுத்தும். யார்கிட்ட சொல்ல? அப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. நீ என்னடான்னா ஒவ்வொண்ணையும் உக்காந்து உக்காந்து செஞ்சு குடுக்கறே. தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு வருது. நல்லாருக்குன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா நீ அங்கயே வந்துடுவே. வந்து ஒரே வாரத்துல எல்லாருக்கும் புரிஞ்சுடும். அப்புறம் நான் என்ன ஆவேன்?"

நத்தைக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நிலையிலும் பாவமாக இருந்ததே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "இப்ப ஃபார்ம மாத்தணும். நம்பர் உன் போனுக்கு வரும். படிச்சு சொல்லு."

அக்கா செருப்பைக் கழற்றினாள். "சரி," என்றாள்.

நத்தை பொத்தானை அழுத்தினாள். அக்காவின் போன் ஒலித்தது. "எட்டு, பூஜ்யம், மூணு, ஒண்ணு, ஏழு, ஆறு." நத்தை ஒவ்வொன்றையும் முதலில் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, பிறகு தட்டினாள். தவறான குறியீடு என்றது திரை.

"அவசரத்துல ஆறும் ஒன்பதும் குழம்பிடுச்சு போல," என்றாள் அக்கா. "புதுசா ஒண்ணு வாங்கு."

"அஞ்சு, அஞ்சு, மூணு, நாலு, பூஜ்யம், ஒண்ணு." தவறான குறியீடு. இன்னும் ஒரு முறைதான், அதன்பின் விண்ணப்பம் பூட்டப்படும் என்று சிவப்பில் வந்தது. மணி நாலே முக்கால்.

நத்தை திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனக் குடு," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். அப்பா வேலை முடியும் முன்பே கிளம்பி வந்து, வேலை உடுப்போடு, கருவிப் பையோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவரும் கவனிக்கவில்லை.

"அப்பா, நீங்கதான நேத்து சொன்னீங்க," என்றாள் அக்கா. "அவ வற்புறுத்த மாட்டா, நான் பேசி அடக்கிட்டேன், நீ கவலப்படாதன்னு. நீங்கதான சொன்னீங்க."

அப்பா நத்தையைப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்தார். பிசுக்குக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அக்கா போனைக் கொடுத்தாள்.

மூன்றாவது குறியீடு வந்தது. அப்பா கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக, இடைவெளி விட்டுப் படித்தார். நத்தை தட்டினாள். விண்ணப்பம் திறந்துகொண்டது.

"முந்தின ரெண்டும் எப்படி முடியுதுன்னு பாருங்கப்பா," என்றாள்.

அவர் விரலால் மேலே தள்ளிப் பார்த்தார். "முதல்ல வந்தது ரெண்டுல முடியுது," என்றார். "அடுத்தது எட்டுல."

உள்ளங்கையில் அவள் எழுதியிருந்தவை ஆறிலும் ஒன்றிலும் முடிந்தன. நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டபோது அக்காவுக்குப் பயம் என்று வைத்துக்கொள்ளலாம். மேடையில் சொன்னபோது வாய் தவறியது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இது இப்போது நடந்தது. உண்மையைச் சொல்லி, தலை குனிந்து நின்று, பாவம் என்று இவளை நினைக்கவும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு செய்தது. நத்தை திரைப் பக்கம் திரும்பினாள்.

முதல் விருப்பத்தில் இருந்த நூலகப் படிப்பை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் என்று போட்டாள். அக்காவின் கல்லூரியையே போட்டாள். அது தனக்கு ஒத்து வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. அடுத்தது தொடர்பு எண். அக்காவின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழித்தாள். கட்டம் வெறுமையாக நின்றது.

"என் நம்பரப் போட்டுக்கோம்மா," என்றார் அப்பா.

நத்தை விசைப்பலகையில் கை வைத்தபடி இருந்தாள். அப்பாவின் எண் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நேற்று பஸ்ஸில், தன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர், வீட்டுக்கு வந்து அக்காவிடம் போய், அடக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் அம்மாவின் எண்ணைத் தட்டினாள். அம்மா நல்லவள், அப்பா கெட்டவர் என்பதால் இல்லை. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அந்த வீட்டில் அவளால் நம்ப முடிந்தது இப்போது அது ஒன்றுதான்.

புதிய எண்ணுக்கும் குறியீடு போகும் என்றது திரை. மணி நாலு ஐம்பத்திரண்டு. நத்தை அப்பாவின் போனை வாங்கி அம்மாவை அழைத்தாள். பின்னால் பல்லைக் குடையும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"அம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். படிச்சு சொல்லு."

"இரு, கண்ணாடிய எடுக்கறேன். பதினெட்டாம் நம்பர் உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாரு. ம், வந்திருக்கு. எழுதிக்கோ." அம்மா ஆறு எண்களையும் படித்தாள். சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்து, கேட்காமலே இன்னொரு முறை முதலிலிருந்து படித்தாள். நத்தை தட்டினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. இரண்டு நாளாக வராமல் இருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"என்னடி மூக்கை உறிஞ்சறே? சளியா? எதுக்கு இந்த நம்பர்?"

"காலேஜ் ஃபார்ம்மா."

"ஓ, அதுவா," என்றாள் அம்மா. "அதுக்கா இப்படிப் பதட்டப்படறே? அக்கா பக்கத்துலதான இருக்கா. அவ இருக்கும்போது உனக்கென்ன கவலை."

நத்தை திரையைப் பார்த்துக்கொண்டே, "ம்," என்றாள்.